கடுவன் பூனைக்குத் திரும்பத் திரும்ப நீரடைப்பு: என்ன தீனி போடுவது?

கேள்வி: ஐயா, மன்னார்குடி பக்கம் நெல்லும் ஆடுமாக விவசாயம் செய்கிறேன். நெல் மூட்டை அடுக்கும் கொட்டகைக்கு எலிக்காவல் எங்கள் பூனைதான். ஐந்து வயதுக் கடுவன், விதை நீக்கியது, எடை 5.5 கிலோ. மூன்று மாதத்துக்குள் இரண்டு முறை மூத்திரம் அடைத்து, டியூப் போட்டு எடுத்தார்கள். சோதனைச் சீட்டில் 'ஸ்ட்ரூவைட் படிகம்' என்று இருக்கிறது. காலையும் இரவும் கடையில் வாங்கும் உலர் தீவனம், மதியம் கருவாடு அல்லது மீன் குழம்பு சோறு, படுக்கும்போது கொஞ்சம் பால், இதுதான் அதன் சாப்பாடு. டாக்டர் எழுதிக் கொடுத்த யூரினரி தீவனம் விலை அதிகம். அதற்குப் பதில் வீட்டுச் சாப்பாட்டுக்கே மாற்றிவிடலாமா? கிடாவுக்குக் கல் வந்தபோது வாங்கிய அம்மோனியம் குளோரைடு மிச்சம் இருக்கிறது, அதைச் சேர்க்கலாமா? எலி தின்பதால் இந்த வியாதி வருமா?

பதில்: அம்மோனியம் குளோரைடு பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம், ஒரு சிட்டிகைகூட வேண்டாம். கிடாவுக்கு வருவதும் இதே மாதிரி அடைப்புதான். தவிடும் தானியமும் மிஞ்சி, தீனியில் பாஸ்பரஸ் ஏறும்போது அங்கே கல் கட்டுகிறது. ஆடு இலை தழை தின்று அசைபோடும் பிராணி. அதன் மூத்திரம் இயல்பாகவே காரமாக இருக்கும், அதை அமிலப் பக்கம் தள்ள அந்த உப்பு உதவுகிறது. பூனை இறைச்சி தின்கிற பிராணி, இறைச்சி தின்றாலே அதன் சிறுநீர் லேசான அமிலமாகிவிடும். டாக்டர் எழுதிய தீவனமும் சிறுநீரைச் சரியான அமில அளவில் நிறுத்தும்படி தயாரானதுதான். அதற்கு மேல் நாமும் உப்பைத் தூவினால் இரத்தத்திலேயே அமிலம் ஏறிவிடும். ஸ்ட்ரூவைட் போய் அதைவிடப் பொல்லாத கால்சியம் ஆக்சலேட் கல் வரவும் வழி செய்து கொடுப்போம். அது ஆட்டுக் கொட்டகையிலேயே இருக்கட்டும்.

இப்போது தீனிக்கு வருவோம். கடுவனுக்கு மூத்திரக் குழாய் நுனிப் பக்கம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலம்தான். பெட்டைக்கு அது அகலமும் கூடுதல், நீளமும் குறைவு, அதனால் அவற்றுக்கு அடைப்பு அபூர்வம். பல கடுவன்களில் அடைப்பது கல்லே இல்லை. மூத்திரப்பை புண்ணாகிக் கசியும் சளியும், மணல் போன்ற படிகங்களும் சேர்ந்து திரண்ட ஒரு கட்டிதான் குழாயில் போய் உட்காருகிறது. சிறுநீர் கெட்டியாக இருந்தால் படிகம் சேரும், நீர்த்துப்போனால் சேராது. ஆகவே எந்தக் கம்பெனி, எந்தப் பாக்கெட் என்று பார்ப்பதற்கு முன்னால், அந்தச் சாப்பாட்டோடு எவ்வளவு தண்ணீர் வயிற்றுக்குள் போகிறது என்றுதான் பார்க்க வேண்டும். இதைச் சொன்னால், "கிண்ணத்தில் தண்ணி எப்பவும் இருக்குதே" என்பார்கள். இருக்கும், ஆனால் பூனை குடிக்காது. வறண்ட பிரதேசத்துப் பிராணியின் வம்சம் அது. இரையிலிருந்தே தண்ணீரை எடுத்துக்கொண்டு பழகியது, தாகம் அதற்கு மெதுவாகத்தான் எடுக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பூனைக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 மில்லி தண்ணீர் தேவை, சாப்பாட்டில் இருப்பதும் இதில் அடக்கம். உங்கள் பூனை இருக்க வேண்டிய எடை நாலரை கிலோ என்று வைத்தால், 225 மில்லி. அதற்கு ஒரு நாளைக்குப் போடும் உலர் தீவனம் 60 கிராம் என்றால், அதில் இருக்கும் ஈரம் ஐந்தாறு மில்லிதான். அதே அளவு சத்தை ஈரத் தீவனமாகக் கொடுத்தால் கால் கிலோ போட வேண்டியிருக்கும், அதிலேயே 200 மில்லி தண்ணீர் இருக்கிறது. உலர் தீவனம் மட்டும் தின்னும் பூனை கிண்ணத்துத் தண்ணீரைக் கூடுதலாகக் குடிக்கத்தான் செய்யும், ஆனால் பெரும்பாலான பூனைகள் இந்த வித்தியாசத்தை முழுக்க ஈடுகட்டுவதில்லை.

முழுக்க ஈரத் தீவனம் போட்டால் மிக நல்லது. கட்டுப்படியாகாது என்றால், உலர் யூரினரி தீவனத்தையே ஊறவைத்துக் கொடுங்கள். 60 கிராமுக்கு 120 முதல் 150 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், மூன்று நான்கு வேளையாகப் பிரித்து. முதல் நாளே கஞ்சியாகக் கரைத்து வைத்தால் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். ஒரு ஸ்பூன் தண்ணீரில் தொடங்கி, பத்து நாளில் கூட்டிக்கொண்டே போங்கள். நம் ஊர் வெயிலுக்கு ஊறிய தீவனம் சீக்கிரம் புளிக்கும், ஒரு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துக் கொட்டிவிட வேண்டும். கிண்ணம் மீசை இடிக்காத அளவுக்கு அகலமாக இருக்கட்டும், வீட்டில் இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். போர் தண்ணீரால்தான் கல் வருகிறது என்று பலர் சொல்வார்கள். சாப்பாட்டில் வரும் தாது உப்போடு பார்த்தால் தண்ணீரில் வருவது சொற்பம். எந்தத் தண்ணீரை அது விரும்பிக் குடிக்கிறதோ அதை வையுங்கள்.

அப்புறம் எந்தத் தீவனம் என்பது. ஸ்ட்ரூவைட் என்பது மெக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூன்றும் சேர்ந்தது, காரமான சிறுநீரில் கட்டும். தக்க தீவனம் கொடுத்தால் கரைந்துபோகும், கல்லாகவே இருந்தாலும் பெரும்பாலும் சில வாரங்களில் கரையும். கால்சியம் ஆக்சலேட் எந்தத் தீவனத்துக்கும் கரையாது, அறுவை செய்துதான் எடுக்க வேண்டும். 1980களில் மெக்னீசியத்தைக் குறைத்து அமிலத்தைக் கூட்டிய பூனைத் தீவனங்கள் வந்தன. ஸ்ட்ரூவைட் குறைந்தது, ஆக்சலேட் கூடிவிட்டது. இப்போதைய மருத்துவத் தீவனங்கள் இரண்டையும் கணக்கில் வைத்துத்தான் தயாராகின்றன. ராயல் கேனின் யூரினரி எஸ்/ஓ, ஹில்ஸ் சி/டி போல மருத்துவர் சீட்டுக்குக் கொடுக்கும் வகையைத்தான் நான் சொல்கிறேன். பாக்கெட்டில் 'யூரினரி கேர்' என்று போட்டு மளிகைக் கடையில் தொங்குவது அதற்கு ஈடாகாது. விலை அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டியூப் போட்டு இரண்டு மூன்று நாள் பார்க்கும் வைத்தியச் செலவையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

இதில் ஒரு கண்டிப்பு உண்டு. இந்தத் தீவனம் போடும்போது வேறு எதுவும் கூடாது. காலையில் யூரினரி தீவனம், மதியம் கருவாடு என்றால் இரண்டு செலவும் வீண். கருவாட்டில் உப்போடு தாதுக்களும் செறிந்திருக்கின்றன. மீன் குழம்பில் வெங்காயமும் பூண்டும் கிடக்கும், இரண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. அடைப்பே இல்லாத பூனைக்கும் அது ஆகாது. பாலையும் நிறுத்துங்கள். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காது, அது இல்லாமல் ஒன்றும் குறைந்துவிடாது.

வீட்டுச் சாப்பாட்டை நான் அடியோடு ஒதுக்கவில்லை. வேகவைத்த கோழியில் ஈரம் நிறைய இருக்கிறது, அது நல்லதுதான். ஆனால் எலும்பில்லாத கறியில் கால்சியம் மிகக் குறைவு, பாஸ்பரஸ் பல மடங்கு. மாதக்கணக்கில் அதையே போட்டால் எலும்பு தேயும். டாரின் என்ற சத்து வெந்த தண்ணீரில் இறங்கிவிடும், அந்தத் தண்ணீரைக் கொட்டினால் அதுவும் போச்சு. டாரின் குறைந்தால் பூனைக்குக் கண்ணும் இதயமும் கெடும். கால்சியம் எவ்வளவு, வைட்டமின் எவ்வளவு என்று கால்நடை மருத்துவர் கணக்குப் போட்டுக் கொடுத்தால் வீட்டிலேயே சமைக்கலாம். கணக்கில்லாமல் கோழியும் சோறும் என்பது இந்தப் பூனைக்குச் சரிவராது. படிகம் அடங்கி, சோதனை இரண்டு மூன்று தடவை நன்றாக வந்த பிறகு, ஒரு நாள் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்குக்குள் உப்பு, மசாலா இல்லாத கோழியைச் சாறோடு கொடுப்பதில் எனக்கு மறுப்பு இல்லை.

எடையையும் குறைக்க வேண்டும், விதை நீக்கிய பருத்த கடுவனுக்குத்தான் இது அதிகம் வருகிறது. ஆனால் பட்டினி போட்டுக் குறைக்காதீர்கள். பருத்த பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் ஈரலில் கொழுப்பு படிந்து செத்தே போகலாம். புதுத் தீவனத்தைத் தொடவில்லை என்றாலும் பசிக்கட்டும் என்று விட்டுவிடாமல் பழையதில் கலந்து மெதுவாக மாற்றுங்கள்.

வீட்டில் யாராவது சிறுபீளைக் கஷாயம், நெருஞ்சில், வாழைத்தண்டுச் சாறு என்று சொல்வார்கள். அடைத்து நிற்கிற பூனைக்கு வாய்வழியே எதை ஊற்றினாலும் நிரம்பிய பையில்தான் போய்ச் சேரும். மணல் தட்டில் திரும்பத் திரும்பப் போய் முக்குவது, கத்துவது, குறியை நக்கிக்கொண்டே இருப்பது, வாந்தி, அடிவயிற்றில் எலுமிச்சம்பழம் போல இறுகித் தட்டுப்படும் மூத்திரப்பை, இவை இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்து ஒரு இரவைப் போக்கிவிடுகிறார்கள். முழு அடைப்பில் ஒன்றிரண்டு நாளுக்குள் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும். வயிற்றை அழுத்திப் பார்க்க வேண்டாம், பை கிழியலாம். வலிக்கு பாராசிட்டமால் கொடுத்துவிடவே கூடாது, மனிதருக்கான ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

சோதனைச் சீட்டு பற்றியும் ஒரு சந்தேகம் எனக்கு இருக்கிறது. நல்ல பூனையின் சிறுநீரிலும் ஓரளவு ஸ்ட்ரூவைட் படிகம் தெரியும். எடுத்த சிறுநீரைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தால் அங்கேயே படிகம் உருவாகும். எக்ஸ்ரே எடுத்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. எடுக்கவில்லை என்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தான், அங்கே காட்டிப் பையில் கல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கல் இருந்தால் கரையும்வரை மாதம் ஒரு முறை படம் எடுக்க வேண்டும். தீவனம் மாற்றி மூன்று நாலு வாரம் கழித்துச் சிறுநீரைச் சூடு ஆறுவதற்குள் சோதிக்கச் சொல்லுங்கள். காரஅமில அளவு (pH) 6 முதல் 6.5, அடர்த்தி 1.035-க்குக் கீழே என்று வந்தால் தீவனமும் தண்ணீரும் வேலை செய்கின்றன. அடர்த்தி 1.050 என்று நின்றால் எவ்வளவு விலைத் தீவனமானாலும் தண்ணீர் போதவில்லை என்றுதான் அர்த்தம். தீவனம் சரியாக இருந்தும் அடைத்தால் கல்லைத் தாண்டிப் பார்க்க வேண்டும். பயமும் இடமாற்றமும் பக்கத்து வீட்டுக் கடுவனின் தொல்லையும் மூத்திரப்பையைப் புண்ணாக்கும். குழாய் நுனியை அகலப்படுத்தும் அறுவை ஒன்றும் இருக்கிறது, அது மூன்றாவது நாலாவது அடைப்புக்குப் பிறகு யோசிக்க வேண்டிய விஷயம்.

எலி தின்பதால் வருமா என்றால், வராது. எலி உடம்பில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர், எலும்பும் கறியும் சேர்ந்திருப்பதால் கால்சியமும் பாஸ்பரசும் பொருந்தி இருக்கின்றன. பூனைக்கு இயற்கை வைத்த ஈரத் தீவனம் அதுதான். எனக்குப் பயம் விஷ எலி. வயலில் ஜிங்க் பாஸ்பைடும் புரோமடியோலோனும் வைக்கும் நாட்களில் செத்துக்கிடக்கும் எலியைத் தின்றால் பூனை போய்விடும். உங்கள் வயலில் விஷத்துக்குப் பதில் தஞ்சாவூர்க் கிட்டி என்ற மூங்கில் எலிப்பொறி வையுங்கள், பக்கத்து வயல்காரரிடமும் விஷம் வைக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு அந்த வாரம் பூனையை உள்ளே அடைத்துவிடுங்கள். மருத்துவத் தீவனம் மட்டும் போடச் சொன்ன முதல் இரண்டு மூன்று மாதமும் கொட்டகைக்கு விட வேண்டாம். வெளியே போய் எங்கே மூத்திரம் பெய்கிறது, பெய்கிறதா இல்லையா என்றே உங்களுக்குத் தெரியாது. வீட்டுக்குள் ஒரு தட்டில் ஆற்று மணல் போட்டு வைத்து, காலையும் மாலையும் எத்தனை இடத்தில் ஈரம், எவ்வளவு பெரிது என்று பாருங்கள். நாலைந்து சின்னச் சின்னப் பொட்டுகள் மட்டும் தெரிந்தால் அன்றே வண்டியை எடுங்கள்.