உபா சட்டம், ஜாமீன், கைது: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

உபா (சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம்) வழக்கில் ஜாமீனே கிடைக்காதா சார்?

கிடைக்கும், ஆனால் லேசில் இல்லை. குற்றச்சாட்டு முதல் பார்வைக்கு உண்மை என்று தோன்றினாலே ஜாமீன் தரக் கூடாது என்கிறது 43டி(5) பிரிவு. ஜாமீன் கட்டத்தில் சாட்சியங்களை ஆழமாக அலசக் கூடாது என்று 2019-இல் வட்டாலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் பிடி இன்னும் இறுகியது. 2021-இல் நஜீப் வழக்கில்தான் கொஞ்சம் வழி பிறந்தது. 2010-இல் மூவாற்றுப்புழையில் ஒரு பேராசிரியரின் கையை வெட்டிய வழக்கு அது. கொடூரமான குற்றம்தான். ஆனாலும் குற்றம் சாட்டப்பட்ட நஜீப் ஐந்து வருஷத்துக்கு மேல் சிறையில் இருந்தார், இன்னும் 276 சாட்சிகள் பாக்கி. கேரள உயர் நீதிமன்றம் தந்த ஜாமீன் நிலைத்தது. விசாரணை இழுத்துக்கொண்டே போனால் இந்தத் தீர்ப்பைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

குண்டர் சட்டமும் இதுவும் ஒன்றா?

இல்லை. குண்டர் சட்டம் தடுப்புக் காவல், அதாவது குற்றம் செய்துவிடக் கூடாது என்று முன்கூட்டியே அடைத்து வைப்பது.

கைதானதும் குடும்பத்தார் என்ன செய்ய வேண்டும்?

கைதுக்கான காரணங்களை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் கைதே செல்லாது என்று 2024-இல் புர்காயஸ்தா வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது. அப்புறம் 90-ஆம் நாளைக் குறித்து வையுங்கள், குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப் போலீசுக்கு உள்ள கெடு அது. அரசு வழக்கறிஞர் காரணம் காட்டி அறிக்கை தந்தால் நீதிமன்றம் 180 நாள் வரை நீட்டிக்கலாம். நீட்டிப்பும் இல்லை, குற்றப்பத்திரிகையும் வரவில்லை என்றால் ஜாமீன் கேட்டு உடனே மனு போடுங்கள். மனு போடும் முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போச்சு.

குண்டு வைக்கிறவனுக்கு உரிமை எதற்கு?

குண்டு வைத்தது அவன்தான் என்று யார் முடிவு செய்வது? தடா என்ற பழைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் போலீஸ் எஸ்.பி.யிடம் தந்த வாக்குமூலமே சாட்சியமானது. ராஜீவ் கொலை வழக்கில் 1998-இல் 26 பேருக்குத் தூக்கு. அடுத்த வருஷமே அதில் 19 பேரை உச்ச நீதிமன்றம் சதிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. 2002-இல் திருமங்கலத்தில் பேசியதற்காக வைகோ, தடாவுக்குப் பின் வந்த பொடா சட்டத்தில் ஒன்றரை வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்தார். அவர் எந்தக் குண்டை வைத்தார்?

அப்போ சட்டமே வேண்டாமா?

அப்படி நான் சொல்லவில்லை. தண்டனை கடுமையாக இருக்கட்டும், பணம் வரும் வழியை அடைக்கட்டும். 43டி(5) மட்டும் போக வேண்டும். குற்றம் நிரூபணமாகும் முன்பே வருஷக்கணக்கில் சிறை என்பதை என்னால் ஏற்க முடியாது.

போலீசிடம் தந்த வாக்குமூலம் உபாவில் செல்லுமா?

செல்லாது. தடா, பொடாவோடு அது போய்விட்டது.

ஜாமீன் கிடைக்குமா?

முதல் பதிலைப் படியுங்கள். இதே கேள்வியோடு வரிசையில் இருக்கும் மற்றவர்களும்தான்.

90 நாளைக் கைதான தேதியிலிருந்து எண்ணுவதா?

நல்ல கேள்வி. மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்த நாளிலிருந்து. அந்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.