அதிகம் படித்ததே தடை: பட்டத்தை மறைக்கலாமா?

கேள்வி: டிப்ளமோ முடித்து, பிறகு பி.இ., எம்.இ. (உற்பத்திப் பொறியியல்) படித்தேன். தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியராக இருந்தேன். மாணவர் சேர்க்கை குறைந்ததால் வேலை போனது. கோவையில் பம்பு, வார்ப்படத் தொழிற்சாலைகளில் தரக்கட்டுப்பாட்டு வேலைக்குப் போனால், "இவ்வளவு படிச்சிருக்கீங்க சார், இங்கே நிலைக்க மாட்டீங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். டிப்ளமோவை மட்டும் காட்டச் சொல்கிறார் நண்பர். அப்படிச் செய்யலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், நாமக்கல்

பதில்: வேண்டாம். டிப்ளமோவை மட்டும் காட்டினால், அதன் பிறகான இத்தனை ஆண்டுகள் என்ன செய்தீர்கள் என்ற அடுத்த கேள்விக்கு இன்னொரு பொய் தேவைப்படும். வேலையில் சேரும்போது வருங்கால வைப்புநிதிக்காக நிரப்பும் படிவம், முன்பு உறுப்பினராக இருந்தீர்களா என்று கேட்டு, பழைய யு.ஏ.என். எண்ணையும் (வைப்புநிதி உறுப்பினருக்கான நிரந்தர எண்) கேட்கும். கல்லூரியில் வைப்புநிதி பிடித்திருந்தால் விஷயம் அங்கேயே வெளிப்பட்டுவிடும். பட்டதாரிகள் விண்ணப்பிக்கக் கூடாது என்று அறிவித்திருந்த பஞ்சாப் நேஷனல் வங்கியின் பியூன் வேலைக்கு, பட்டத்தை மறைத்து விண்ணப்பித்த ஒருவர், தேர்வான பின்னும் வேலையில் சேர முடியாமல் போனது; மறைத்தது தவறே என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் வங்கியின் பக்கம் தீர்ப்பளித்தது. தனியார் நிறுவனத்துக்கு அந்த விதி இல்லை என்றாலும், பொய்த் தகவலுக்காக வேலையை விட்டு நீக்க அங்கும் தடையில்லை.

முதலாளியின் கவலையையும் புரிந்துகொள்ள வேண்டும். புதியவருக்குத் தம் வரைபடங்களையும் வாடிக்கையாளர் கேட்கும் அளவுகளையும் சில மாதம் பழக்கிய பிறகு, ஜூனில் ஏதோ ஒரு கல்லூரி அழைத்ததும் அவர் கிளம்பிவிட்டால் நஷ்டம் முதலாளிக்குத்தான். மேற்பார்வையாளர் உங்களைவிட இளைய டிப்ளமோக்காரராக இருப்பார் என்ற சங்கடமும் உண்டு. (வயதையோ சம்பளத்தையோ நேரடியாகச் சொல்லக் கூசி, படிப்பின்மேல் பழியைப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்; அவர்களிடம் வாதாடிப் பயனில்லை.)

ஆகவே முதலாளி கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள்: கற்பித்தலை விட்டு ஏன் வருகிறீர்கள், எந்தச் சம்பளத்துக்குச் சம்மதம், இளையவரின் கீழ் வேலை பார்ப்பதில் தயக்கம் உண்டா என்பதையெல்லாம். "எந்த வேலையானாலும் பரவாயில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். வேறு வழியில்லாமல் வந்திருக்கிறார், வழி கிடைத்ததும் போய்விடுவார் என்றுதான் அது காதில் விழும்.

விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் மைக்ரோமீட்டர், சி.எம்.எம். (முப்பரிமாண அளவீட்டு இயந்திரம்) போன்ற எந்தக் கருவிகளில் உங்களுக்குக் கைப்பழக்கம் உண்டு, வார்ப்படத்தில் எந்தக் குறைகளைக் கண்டுபிடிக்கத் தெரியும் என்பவை இருக்கட்டும். பட்டங்கள் கடைசியில் ஒரு வரியாக வரட்டும். கருத்தரங்கக் கட்டுரைகளின் பட்டியலையும் கல்லூரிக் குழுப் பொறுப்புகளையும் எடுத்துவிடலாம். வேலைக்குத் தொடர்பில்லாததை விடுவது வேறு, பட்டமே இல்லை என்பது வேறு.

இன்னொரு வாசலையும் தட்டிப் பாருங்கள். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தொழில் பழகுநர் சட்டப்படி பழகுநர்களைச் சேர்த்தாக வேண்டும். அவர்களுக்கு அளவுக் கருவிகளையும் வரைபடங்களையும் சொல்லித்தர ஓர் ஆள் தேவை. தரக்கட்டுப்பாட்டையும் அந்தப் பயிற்சியையும் சேர்த்தே பார்த்துக்கொள்வதாக நீங்கள் கேட்டால், இதுவரை குறையாகத் தெரிந்த ஆசிரியர் அனுபவத்துக்கும் சேர்த்தே முதலாளி சம்பளம் பேச வேண்டியிருக்கும்.