பெரியாற்றுத் தண்ணீரும் ரேகைச் சட்டமும்

கேள்வி: எங்கள் வயல் பெரியாற்றுப் பாசனம். "வெள்ளைக்காரன் கட்டுன அணையாலதான் நாம கஞ்சி குடிக்கிறோம். அவன் இருந்திருந்தா நாடு உருப்பட்டிருக்கும்" என்று அப்பா அடிக்கடி சொல்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?
- கல்லூரி மாணவர், மேலூர்

பதில்: தம்பி, அப்பா சொல்வதில் முதல் பாதிக்கு மல்லுக்கு நிற்காதீர்கள். 1895-இல் மலையைக் குடைந்து பெரியாற்றுத் தண்ணீரை வைகைக்குக் கொண்டுவந்த பிறகுதான் மேலூர்ப் பக்கம் நெல்லை நம்பிப் பிழைக்க முடிந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் அணையைக் கட்டிய இன்ஜினீயர் பென்னிகுவிக் படத்துக்கு மாலை போட்டுப் பொங்கல் வைக்கிறார்கள். அந்த நன்றி உண்மையானது, நானும் மதிக்கிறேன்.

ஆனால் அந்த அணை யாரும் தானமாகக் கொடுத்ததல்ல. ஆற்றைக் கிழக்கே திருப்பும் யோசனை ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளைக்கு 1789-லேயே இருந்தது. கையில் பணம் இல்லாமல் நின்றுபோனது. பிறகு வந்த கம்பெனிக்காரர்கள் ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டு, ஆகாது என்று கைவிட்டார்கள். 1876-78 தாது வருசப் பஞ்சத்தில் மாகாணம் முழுக்க லட்சக்கணக்கான சனம் செத்த பிறகே வேலைக்கு வேகம் வந்தது. பென்னிகுவிக் சொத்தை விற்றுக் கட்டினார் என்பார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. செலவழித்தது சர்க்கார் பணம், அதாவது நம் பாட்டன்மார் கட்டிய தீர்வை. தண்ணீர் வந்ததும் அதற்கும் வரி வாங்கினார்கள். காட்டில் காலராவிலும் காய்ச்சலிலும் செத்த கூலியாட்களை யார் நினைக்கிறார்கள்? திருவிதாங்கூரோடு 1886-இல் போட்ட ஒப்பந்தம் 8,000 ஏக்கருக்கு, ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம், 999 வருசக் குத்தகை. அந்தப் பத்திரத்தை வைத்துத்தான் இன்றுவரை இரண்டு மாநிலமும் கோர்ட்டில் நிற்கின்றன.

இனி இரண்டாவது பாதி. நான் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன். வைகையின் குறுக்கே உள்ள பேரணையில் பிரிந்த கால்வாய் உங்கள் ஊரை நோக்கிப் போனது. எங்கள் மேட்டுக் காட்டுக்கு ஏறவில்லை. 58 கிராமக் கால்வாய்க்காக, சுதந்திரம் வந்து எத்தனையோ வருசம் கழித்தும் எங்கள் ஆட்கள் போராட வேண்டியிருந்தது. உங்களுக்குத் தண்ணீர் கொடுத்த அதே சர்க்கார் எங்களுக்குக் கொடுத்தது குற்றப் பரம்பரைச் சட்டம். 1911-இல் மதராஸ் மாகாணத்துக்குக் கொண்டுவந்தார்கள். திருடினானா இல்லையா என்று ஒருவனையும் விசாரிக்க வேண்டாம். பிரமலைக் கள்ளர் வீட்டில் பிறந்திருந்தால் போதும், போலீஸில் கைரேகை வைக்க வேண்டும். இளவட்டங்கள் ராத்திரி போலீஸ் காவலில் போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு. சீட்டு எழுதிக் கிடைப்பதற்குள் தங்கச்சி வீட்டு எழவுக்குப் போய்ச் சேர முடியாமல் எங்கள் தாத்தா பாதி வழியில் திரும்பினார் என்று அப்பத்தா சொல்லும்போது, அவர் குரல் அப்போதும் நடுங்கும்.

பெருங்காமநல்லூர்க்காரர்கள் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணையும் சேர்த்து 16 பேர் செத்தார்கள். அப்பாவை ஒருநாள் அந்த ஊர் நினைவுத்தூணுக்கு அழைத்துப் போங்கள். மேலூரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். அணையை நினைப்பவர் இதையும் நினைக்கட்டும்.

கேள்வி: 1947-லேயே எடுத்துவிட்ட சட்டம். இன்னும் அதைப் பேசி என்ன ஆகப்போகிறது?
- வாசகர், மதுரை

பதில்: சட்டம் போனது, அதன் பாதிப்பு போகவில்லை ஐயா. ஊர்ப் பெயரைக் கேட்டதுமே வாடகைக்கு வீடு இல்லை என்று மதுரையில் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சட்டத்தில் சிக்கியிருந்த சாதிகளான சீர்மரபுப் பழங்குடியினரை 1979-இல் சீர்மரபு வகுப்பினராக மாற்றிய அரசாணையால் சான்றிதழுக்கு அலைந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். அது 2019 வரை இழுத்தது, அப்போதும் முழுசாகத் தீரவில்லை.

எங்களைத் "திருத்த" அன்றைக்கு ஆரம்பித்த கள்ளர் பள்ளிகளில்தான் நான் அ, ஆ படித்தேன். ஆரம்பித்த நோக்கம் எனக்குக் கசக்கிறது. ஆனால் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் அந்தப் பள்ளிகள் இல்லாவிட்டால் என் தலைமுறையில் பாதிப்பேர் ஆடு மேய்த்திருப்போம். இப்போது அவற்றை மற்றப் பள்ளிகளோடு இணைக்கலாம் என்ற பேச்சு வருகிறது. நான் அதை எதிர்க்கிறேன். இணைப்பதை விட்டுவிட்டு, காலியாகக் கிடக்கும் ஆசிரியர் இடங்களை முதலில் நிரப்புங்கள்.