பக்கெட் திறந்துவிட்டது, பட்டியல் மட்டும் வரவில்லை: கேள்வி பதில்

புதுச்சேரி, கடலூர் பக்கம் கடை, விடுதி, ஏற்றுமதி என்று ஏதோ ஒன்றை நடத்துகிறவர்களும் அவர்களுக்கு மார்க்கெட்டிங் பார்க்கிறவர்களுமாக நம் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். வாடிக்கையாளர் பட்டியலை கிளவுடில் வைத்து, அங்கிருந்து மெயில் தளத்துக்கும் விளம்பரத் தளத்துக்கும் தானாக ஏற்றுவது எப்படி என்று இந்த மாதம் மட்டும் ஏகப்பட்ட பேர் கேட்டுவிட்டீர்கள். ஒவ்வொருவருக்கும் குரல் பதிவு அனுப்பி என் தொண்டை கட்டிவிட்டது. கேள்விகளைச் சேர்த்து ஒரே மூச்சில் எழுதிவிடுகிறேன். எனக்குக் கை பழகியது அமேசானின் கிளவுட் சேமிப்பான எஸ்3. அதில் கோப்புகளைப் போட்டு வைக்கும் இடத்துக்குப் பெயர்தான் பக்கெட். அதனால் உதாரணங்கள் பெரும்பாலும் அதிலிருந்துதான் வரும்.

நேரு வீதி ஜவுளிக்கடை: எங்கள் பட்டியல் கூகுள் டிரைவில் இருக்கிறது. அதுவும் கிளவுடுதானே, அப்படியே இணைக்க முடியாதா சார்?

கிளவுடுதான், ஆனால் வேலை வேறு. டிரைவ் என்பது நீங்களும் நானும் கோப்பைத் திறந்து பார்ப்பதற்கு. எஸ்3, கூகுள் கிளவுட் ஸ்டோரேஜ், மைக்ரோசாஃப்டின் அஷூர் பிளாப் எல்லாம் ஒரு மென்பொருள் இன்னொரு மென்பொருளுக்குக் கோப்பைக் கைமாற்றுவதற்கு. கூகுள் டிரைவும் கூகுள் கிளவுட் ஸ்டோரேஜும் ஒரே கம்பெனி என்பதால் குழப்பம் வருகிறது. தளத்தின் அமைப்புப் பக்கத்தில் கூகுள் பெயரைப் பார்த்ததும் டிரைவ் லிங்கை ஒட்டிவிட்டுக் காத்திருந்தவர்கள் நம் குழுவிலேயே இரண்டு பேர்.

ஒன்று கேட்கிறேன். இரண்டாயிரம் பேர், தீபாவளிக்கும் ஆடித் தள்ளுபடிக்கும் மட்டும் மெயில் என்றால் இந்தப் பாடு எதற்கு? கோப்பை இறக்கி, கையால் ஏற்றிவிட்டுப் போங்கள். பில்லிங்கிலிருந்து தினமும் புதுப் பெயர்கள் வருகின்றன, தினமும் ஏற வேண்டும் என்றால்தான் பக்கெட்டுக்கு வர வேண்டும்.

லாஸ்பேட்டை, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்: தளம் ஆக்சஸ் கீ கேட்கிறது. முதலாளியின் அமேசான் கணக்குக் கீயையே கொடுத்துவிடலாமா அண்ணா?

கூடவே கூடாது தம்பி. மூலக் கணக்கின் கீ என்பது கடைச் சாவி, வீட்டுச் சாவி, பீரோ சாவி எல்லாம் தொங்கும் கொத்து. பால்காரருக்குக் கொத்தையா கொடுப்போம்?

நல்ல வழி ரோல், அதாவது கீ கொடுக்காமல் குறிப்பிட்ட ஆளை மட்டும் தற்காலிகமாக உள்ளே விடும் அனுமதி. தளம் தன் அமேசான் கணக்கு எண்ணையும் எக்ஸ்டர்னல் ஐடி என்ற ஒரு குறியீட்டையும் காட்டும். உங்கள் பக்கம் ஒரு ரோல் உருவாக்கி, 'இந்தக் கணக்கு, இந்தக் குறியீட்டோடு வந்தால் மட்டும் உள்ளே விடு' என்று எழுதிவிடுகிறீர்கள். நிரந்தரக் கீ யார் கைக்கும் போகாது. ஒப்பந்தம் முடிந்தால் ரோலை அழித்தால் தீர்ந்தது. அந்த எக்ஸ்டர்னல் ஐடியைச் சும்மா விட்டுவிடாதீர்கள். அதே தளத்தின் வேறு வாடிக்கையாளர் உங்கள் ரோலின் முகவரியைத் தன் கணக்கில் போட்டு உங்கள் கோப்பை இழுத்துக்கொள்ளாமல் இருப்பது அதனால்தான்.

தளம் கீ மட்டும்தான் ஏற்கும் என்றால், இதற்கென்றே ஒரு ஐஏஎம் பயனரை (உங்கள் அமேசான் கணக்குக்குள் தனி அனுமதியோடு ஒரு துணைப் பயனர்) உருவாக்கி, ஒரே பக்கெட்டுக்கு, படிக்க மட்டும் அனுமதி கொடுங்கள். கூகுள் பக்கம் இதே வேலைக்கு சர்வீஸ் அக்கவுன்ட். அஷூரில் எஸ்ஏஎஸ் டோக்கன் என்ற அனுமதிக் குறியீடு என்றால் அதற்குக் காலாவதி நாள் உண்டு. அந்த நாளைச் சுவர் காலண்டரில் குறித்து வையுங்கள். ஆறு மாதம் ஒழுங்காக ஓடியது ஒரு காலை திடீரென்று நின்றால் பத்துக்கு ஏழு முறை காரணம் அதுதான்.

மஞ்சக்குப்பம்: இணைப்புச் சோதனை பாஸ் ஆகிறது. கோப்புகளின் பெயர்கூடத் தெரிகிறது. எடுக்கப் போனால் அனுமதி மறுப்பு என்கிறது.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். எஸ்3-இல் பெயரைப் பார்ப்பது ஓர் அனுமதி, உள்ளே இருப்பதைப் படிப்பது இன்னொன்று. பெயரைக் காட்டும் லிஸ்ட்பக்கெட் என்பது பக்கெட்டின் முகவரிக்குத் தர வேண்டியது. படிக்க விடும் கெட்ஆப்ஜெக்ட் என்பது அதற்குள் இருக்கும் கோப்புகளுக்கு, அதாவது பக்கெட் முகவரிக்குப் பின்னால் சாய்கோடும் நட்சத்திரக் குறியும் சேர்த்து எழுத வேண்டியது. அந்தச் சாய்கோட்டையும் நட்சத்திரத்தையும் விட்டுவிட்டால் உங்களுக்கு நடப்பதுதான் நடக்கும். கண்ணாடி அலமாரியில் அல்வா தெரியும், கதவு திறக்காது.

அது சரியாக இருந்தும் வரவில்லையா? கோப்பு கேஎம்எஸ் சாவியால் (அமேசானின் மறையாக்கச் சாவி) பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் அந்தச் சாவியில் டிக்ரிப்ட், அதாவது பூட்டைத் திறக்கும் அனுமதியும் தர வேண்டும். பிழைச் செய்தி இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே மாதிரி 'அனுமதி மறுப்பு' என்றுதான் வரும் என்பதால் தேடிக்கொண்டே இருப்பீர்கள்.

எரிச்சலில் பக்கெட்டைப் பொதுவாகத் திறந்துவிடாதீர்கள். 2023 ஏப்ரலிலிருந்து புது பக்கெட்டுகளில் பொது அணுகல் தானாகவே மூடியிருக்கிறது. அதை மெனக்கெட்டுத் திறந்து, 'இப்ப வருது சார்' என்று சந்தோஷப்பட்ட ஒருவரை எனக்குத் தெரியும். வந்தது உண்மைதான். வேறு யார் யாருக்கு வந்தது என்பது யாருக்கும் தெரியாது.

பண்ருட்டி, முந்திரி மொத்த வியாபாரம்: கோப்பு ஏறுகிறது. ஆனால் போன் எண்கள் பாதிக்கு மேல் நிராகரிக்கப்படுகின்றன. எல்லாம் நிஜமான எண்கள்தான்.

எண்கள் நிஜம்தான். எக்செல் கை வைத்திருக்கிறது.

நீங்கள் அனுப்பிய மாதிரிக் கோப்பைப் பார்த்தேன். யாரோ நல்ல எண்ணத்தில் எல்லா எண்ணுக்கும் முன்னால் 91 சேர்த்திருக்கிறார். பத்து இலக்கம் பன்னிரண்டு ஆகிவிட்டது. பன்னிரண்டு இலக்க எண்ணைப் பார்த்தால் எக்செல் அதை 9.19877ஈ+11 என்பது போலச் சுருக்கிக் காட்டும். அந்த நிலையில் சிஎஸ்வியாக (காற்புள்ளியால் கட்டங்களைப் பிரிக்கும் எளிய கோப்பு) சேமித்தால் கண்ணுக்குத் தெரிவதுதான் கோப்பில் எழுதப்படும். திரும்பத் திறந்தால் 919877000000. கடைசி ஆறு இலக்கமும் போயே போய்விட்டது, மீட்க வழியில்லை. உங்கள் கோப்பில் வரிசையாக முடிவில் ஆறு பூஜ்யம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதிர்ஷ்ட எண் என்று நினைத்துவிட்டீர்களோ என்னவோ.

கூட்டல் குறி போட்டு எழுதினாலும் எக்செல் அதைக் கணக்கு என்று நினைத்து விழுங்கிவிடும். முன்னால் பூஜ்யம் இருந்தால் அதையும். ஆகவே பில்லிங் மென்பொருளிலிருந்து வரும் சிஎஸ்வியை இரண்டு தட்டு தட்டித் திறக்காதீர்கள். எக்செல்லின் டேட்டா பகுதியில் சிஎஸ்வியை இறக்குமதி செய்யும் வழியாகப் போய், போன் நிரலை (மேலிருந்து கீழாக ஓடும் அந்த வரிசையை) டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள். அதைவிட நல்லது, எக்செல் பக்கமே போகாமல் பில்லிங்கிலிருந்து நேராக பக்கெட்டுக்கு அனுப்புவது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. 04142, 0413 என்று தொடங்கும் லேண்ட்லைன்கள் அதே நிரலில் கலந்திருக்கின்றன. அவற்றுக்குக் குறுஞ்செய்தி போகாது. தனி நிரலில் வையுங்கள். முகவரி நிரலில் 'எண் 12, பெரிய தெரு, பண்ருட்டி' என்று காற்புள்ளிகள் இருக்கின்றன. மேற்கோள் குறிக்குள் அடைக்காவிட்டால் அந்த வரி மட்டும் இரண்டு கட்டம் வலப்பக்கம் நகர்ந்து, போன் எண் இருக்க வேண்டிய இடத்தில் ஊர் பெயர் உட்கார்ந்திருக்கும்.

புதுச்சேரி, கடற்கரைப் பக்கம் சிறு விடுதி: எங்கள் விருந்தினரில் பிரான்ஸ்காரர்களும் உண்டு. ஒரே பட்டியலை மெட்டாவுக்கும் கூகுளுக்கும் அனுப்புகிறோம். ஒன்றில் நன்றாகப் பொருந்துகிறது, மற்றதில் இல்லை.

நம் ஊருக்கே உரிய சிக்கல் இது. பிரான்ஸ் மொபைல் எண் உள்ளூரில் 06 அல்லது 07-இல் தொடங்கும் பத்து இலக்கம். நம் மொபைலும் பத்து இலக்கம். நீளத்தை மட்டும் பார்த்து 91 சேர்க்கும் சூத்திரம் போட்டால் லியோனில் இருக்கும் அம்மாவுக்கு இந்திய எண் ஒட்டிவிடும். முதல் பூஜ்யத்தை எடுத்துவிட்டு 33 சேர்க்க வேண்டும். நாடு என்று ஒரு நிரலை செக்-இன் நேரத்திலேயே நிரப்பினால் இந்த ஊகமே தேவையில்லை.

அடுத்தது ஹாஷ், அதாவது எழுத்துகளைத் திரும்பப் படிக்க முடியாத குறியீடாக மாற்றுவது. விளம்பரத் தளங்கள் மெயிலையும் போனையும் எஸ்எச்ஏ-256 முறையில் குழப்பி அனுப்பச் சொல்லும். இரண்டு பக்கமும் ஒரே எழுத்துகளைக் குழப்பினால்தான் விடை பொருந்தும். கூகுள் கூட்டல் குறியோடு சேர்ந்த எண்ணைக் கேட்கிறது. மெட்டா கூட்டல் குறி இல்லாமல், நாட்டுக் குறியீட்டோடு இலக்கங்களை மட்டும் கேட்கிறது. ஒரு குறி வித்தியாசம், விடை முழுதாக வேறு. நீங்கள் ஒரே ஹாஷ் நிரலை இரண்டுக்கும் அனுப்புகிறீர்கள், அவ்வளவுதான் கோளாறு. மெயிலில் பெரிய எழுத்தோ பின்னால் ஒரு வெற்றிடமோ இருந்தாலும் இதே கதிதான். முதலில் சிறிய எழுத்தாக்கி, ஓரம் வெட்டி, அப்புறம் ஹாஷ்.

மெயில் அனுப்பும் தளத்துக்கு ஹாஷ் செய்த பட்டியலைக் கொடுத்துவிடாதீர்கள். அதற்கு முகவரி தெரிந்தால்தானே அனுப்பும்.

பிரான்ஸில் வசிப்பவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்தால் ஐரோப்பாவின் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உங்களைத் தொடும். பாஸ்போர்ட் எந்த நாடு என்பது இங்கே கணக்கில்லை, ஆள் எங்கே இருக்கிறார் என்பதுதான். பிரெஞ்சுக் குடியுரிமையோடு முத்தியால்பேட்டையில் இருக்கும் தாத்தாவுக்கு நம் சட்டமே போதும்.

நெல்லிக்குப்பம்: தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக வருகின்றன. சில பெயர்கள் புரியாத ஆங்கில எழுத்துகளாக.

இரண்டும் வேறு வேறு நோய். கேள்விக்குறி என்றால் சேமித்தபோது சாதா சிஎஸ்வி தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். யூடிஎஃப்-8 சிஎஸ்வி என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதை எடுங்கள். ஆனால் எக்செல் அந்தக் கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளத்தை வைக்கும். சில தளங்கள் அதைத் தலைப்போடு சேர்த்துப் படித்து, முதல் நிரலைக் காணோம் என்று புலம்பும். அப்படி நடந்தால் முதல் நிரலாக வரிசை எண்ணை வைத்துவிடுங்கள். காணாமல் போனாலும் நஷ்டமில்லை.

புரியாத ஆங்கில எழுத்துகள் என்றால் அது பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்த பட்டியல். கம்ப்யூட்டருக்கு அது தமிழே இல்லை. எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டு யூனிகோடாக்கிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

வில்லியனூர்: வேண்டாம் என்று விலகியவர்களுக்கு மறுபடியும் மெயில் போய்விட்டது. தினமும் முழுப் பட்டியலையும் ஏற்றுகிறோம்.

இதில் நான் பட்ட அடியைச் சொல்கிறேன். சில வருடம் முன்பு ஒரு நகைக்கடைக்கு இதே ஏற்பாடு செய்தேன். பில்லிங் கோப்பில் 'சந்தா உண்டு' என்று ஒரு நிரல். எல்லோருக்கும் ஆம். மெயில் தளத்தில் ஒருவர் விலகுவார், ராத்திரி என் கோப்பு வந்து அவரை மறுபடி ஆம் ஆக்கிவிடும். பத்து நாள் யாருக்கும் தெரியவில்லை. பதினொன்றாம் நாள் விலகிய ஒருவர் நேராகக் கடைக்கே வந்துவிட்டார், வாங்கிய செயினோடு. அன்று முதலாளி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

சந்தா நிலையை இறக்குமதியில் சேர்க்கவே கூடாது. அது தளத்தின் சொத்து. பெயர், ஊர், கடைசியாக வாங்கிய தேதி மட்டும் உங்கள் பக்கமிருந்து போகட்டும். விலகியவர் பட்டியலை வாரம் ஒருமுறை தளத்திலிருந்து இறக்கி உங்கள் பில்லிங்கிலும் குறித்துவிடுங்கள். முழுப் பட்டியலுக்குப் பதில் நேற்று மாறியவர்களை மட்டும் அனுப்பினால் இன்னும் நல்லது.

கடலூர் முதுநகர், மீன் ஏற்றுமதி: ராத்திரி பன்னிரண்டுக்கு நேரம் வைத்தோம். ஆனால் விடிகாலையில்தான் ஓடுகிறது.

தளத்தின் கடிகாரம் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். அங்கே பன்னிரண்டு என்றால் நமக்குக் காலை 5.30. ராத்திரி பன்னிரண்டுக்கே ஓட வேண்டும் என்றால் மாலை 6.30 என்று வையுங்கள். எஸ்எஃப்டிபி (கோப்பை நேராக இன்னொரு சர்வரில் ஏற்றும் முறை) வழியாக அனுப்புகிறீர்கள் என்று போனில் சொன்னீர்கள். அதில் கோப்பு ஏறிக்கொண்டிருக்கும்போதே தளம் எடுத்துவிட்டால் பாதிதான் கிடைக்கும். வேறு பெயரில் ஏற்றி, முடிந்ததும் பெயரை மாற்றுங்கள். எஸ்3-இல் இந்தத் தொல்லை இல்லை, முழுதாக ஏறிய பிறகுதான் கோப்பு கண்ணில் படும்.

மாதம் எவ்வளவு ஆகும்? (நான்கு பேர்)

நாற்பதாயிரம் பேரின் பெயர், மெயில், போன், ஊர் சேர்ந்தாலும் ஒரு கல்யாண வீடியோ கிளிப் அளவுகூட வராது. சேமிப்புக்கு ஒரு டீ காசு ஆகாது. செலவெல்லாம் மார்க்கெட்டிங் தளத்தின் சந்தாவில்தான். அங்கே தலைக்கு இவ்வளவு என்று கணக்கிடுவார்கள் என்பதால், ஒரே ஆள் இரண்டு மெயிலில் இருந்தால் பல இடங்களில் இரண்டு தலை.

திருப்பாதிரிப்புலியூர், டியூஷன் சென்டர்: பிள்ளைகளின் எண்களை ஏற்றி விளம்பரம் செய்யலாமா என்று மேடம் கேட்கச் சொன்னார்.

மேடத்திடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதினெட்டு வயதுக்குள் இருப்பவர் குழந்தை. பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும். குழந்தைகளைக் குறிவைத்த விளம்பரத்துக்கே தடை. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுவிட்டன. முக்கியக் கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் இருக்கிறது என்பதற்காக அதுவரை ஆடிப் பார்க்க வேண்டாம். பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

பெற்றோர் எண்ணை வாங்குங்கள், எதற்கு வாங்குகிறோம் என்று சேர்க்கைப் படிவத்திலேயே தமிழில் எழுதுங்கள். கையெழுத்து வாங்கிய தேதியை ஒரு நிரலாகக் கோப்பில் வையுங்கள். அந்த நிரல் காலியாக இருக்கும் வரி பக்கெட்டுக்கே போகக் கூடாது.

மிஷன் வீதி, காலணிக் கடை: புதுச்சேரிக்காரர்களுக்கு மட்டும் சலுகை அனுப்பினோம். பாதிப் பேருக்குப் போகவே இல்லை.

உங்கள் ஊர் நிரலை எண்ணிப் பார்த்தேன். புதுச்சேரி, புதுவை, பாண்டி, பாண்டிச்சேரி, இது போக ஆங்கிலத்தில் மூன்று விதம். 2006-இல் பெயர் மாறியது, பில் போடும் பையனுக்கு இன்னும் மாறவில்லை. ஊரை விட்டுவிட்டு பின்கோடை வைத்துப் பிரியுங்கள். அதையும் நம்பி உட்கார வேண்டாம், 605-இல் தமிழ்நாட்டு ஊர்களும் கலந்து வரும். கோட்டக்குப்பத்துக்காரருக்கும் சலுகை போய்விட்டால் பரவாயில்லை, அவரும் உங்கள் கடைக்குத்தானே வருகிறார்.