குழவி வந்தது, அம்மி வரவில்லை

டீச்சரம்மா பதில்கள்
(கோத்தகிரியில் 32 ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், வாசகர் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.)

தோடர் வீடுகளின் வாசல் ஏன் அவ்வளவு சிறியதாக இருக்கிறது?
– கல்லூரி மாணவி, குன்னூர்

குளிரும் காற்றும் காட்டு விலங்கும் உள்ளே வராமலிருக்கத்தான். மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துக் கட்டிப் புல் வேய்ந்த வீடு அது. பீப்பாயைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்ததுபோல இருக்கும். ஊட்டிக்கு அருகே ஒரு மந்துக்கு (தோடர் ஊர்) மாணவிகளை அழைத்துப் போனபோது நானும் தவழ்ந்து உள்ளே நுழைந்திருக்கிறேன். வெளியே பல் கிட்டும் குளிர். உள்ளே அடை காக்கும் கோழியின் இறக்கைக்குள் புகுந்த மாதிரி ஒரு கதகதப்பு. இன்று பெரும்பாலான தோடர்கள் சிமெண்ட் வீடுகளில்தான் இருக்கிறார்கள்.

இலங்கையின் மஸ்கெலியாவில் பிறந்து, ஒன்பது வயதில் பெற்றோருடன் கப்பலேறி வந்தவள் நான். ஒரு தேயிலைத் தோட்டத்தில் 34 ஆண்டுகள் கொழுந்து பறித்துவிட்டு இந்த மாதம் ஓய்வு பெறுகிறேன். குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். திருப்பூரில் வேலை பார்க்கும் மகன், "அது நம் வீடே இல்லையே அம்மா, அதற்கா அழுகிறாய்? இங்கே வந்துவிடு" என்கிறான். அவன் சொல்வது சரிதானே? பிறகு ஏன் எனக்குத் தூக்கம் வரவில்லை?
– ஒரு வாசகி, பந்தலூர் வட்டம்

சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நானும் அங்கே லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், பிறந்தவள். ஊர் லிந்துலை.

1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம், இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர் என்று இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களான நம்மைப் பங்கு பிரித்தது. மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தார்கள். அந்தக் கணக்கில் எங்கள் வீட்டில் ஐந்து பேர் இந்தியாவின் பங்கு. அத்தை இலங்கையின் பங்கு. 1972-ல் நாங்கள் கிளம்பிய அன்று அத்தை ரயிலடிக்கு வரவில்லை. கொழுந்து மலையிலேயே நின்றுவிட்டார்.

எங்கள் காம்பராவின் (லயத்து அறையின்) இஸ்தோப்பில், அதாவது முன் தாழ்வாரத்தில், ஓர் அம்மி கிடந்தது. அம்மாவுக்கு அதை விட்டுவர மனமில்லை. "கல்லையா கப்பலில் ஏற்றுவது?" என்று அப்பா சத்தம் போட்டார். அம்மா பதில் பேசாமல் குழவியை மட்டும் பழைய சேலையில் சுற்றித் துணி மூட்டைக்குள் வைத்துக்கொண்டார். தலைமன்னாரில் கப்பல், பிறகு இராமேசுவரம், மண்டபம் முகாம், மேட்டுப்பாளையம் வரை ரயில். அங்கிருந்து கோத்தகிரிக்கு மலைப்பாதையில் பஸ் திரும்பிய ஒவ்வொரு வளைவிலும் என் மடியில் அந்தக் குழவி உருண்டது. தாயகம் திரும்பியோருக்காகத் தமிழக அரசு 1968-லேயே நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போடத் தொடங்கியிருந்தது. அப்பாவுக்கும் தோட்ட வேலை கிடைத்தது.

கோத்தகிரிச் சந்தையில் புது அம்மி வாங்கினோம். இரண்டும் சேரவில்லை. நடுப்பகுதி தேய்ந்த குழவி, சமமான புதுக் கல்லில் ஓரங்களில் மட்டும் படிந்தது. நடுவில் மிளகாய் விதைகள் அரைபடாமல் அப்படியே நின்றன. அம்மி கொத்துகிறவர் இரண்டு முறை வந்து கொத்தியும் பயனில்லை. "புதுக் குழவி வாங்கேன்" என்று பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) வரும் படுகப் பாட்டி சொல்லிப் பார்த்தார். அம்மா கேட்கவில்லை. பல ஆண்டுகள் எங்கள் துவையலில் விதை இருந்தது. பத்தாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் அம்மியை வழித்த என் விரலில் ஒரு திப்பிகூட இல்லை. எந்த மாதத்தில், எந்த நாளில் அந்தக் கல் இந்தக் கல்லுக்கு இணங்கியது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

உங்களுக்குத் தூக்கம் வராததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அந்தச் சுவர் உங்களுக்குச் சொந்தமில்லை என்பதை மகன் சொல்லியா நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்? 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டமே வேலை செய்கிறவருக்குத்தான் வீடு தரச் சொன்னது. ஆனால் ஆனி, ஆடி மழையில் மின்சாரம் போனால் தீப்பெட்டி இருக்கும் இடத்துக்கு உங்கள் கை தானாகப் போகுமே, அதற்கு 34 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. ஒன்பது வயதில் ஒரு முறை இழந்ததை இப்போது இரண்டாம் முறை இழக்கிறீர்கள். அழுவதில் தவறே இல்லை.

மகன்மீது கோபம் வேண்டாம். அவனும் அந்த வீட்டில்தான் தவழ்ந்தான். அம்மா வந்தால் போதும் என்று கூப்பிடுகிற பிள்ளை. மஸ்கெலியாவைப் பற்றி அவனுக்குச் சொல்லியிருக்கிறீர்களா? இல்லையென்றால் இப்போது சொல்லுங்கள்.

இனி, செய்ய வேண்டியவை. பணிக்கொடையை (கிராஜுவிட்டி) கேட்டு வாங்குங்கள். ஓர் ஆண்டுக்கு 15 நாள் கூலி என்பது கணக்கு. 34 ஆண்டுகளுக்கு 510 நாள் கூலி. ஓய்வு பெற்ற 30 நாட்களுக்குள் தந்தாக வேண்டும். என்னவென்று புரியாத எந்தத் தாளிலும், அவசரப்படுத்தினாலும், கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் பெயரில் சொந்த இடம் இல்லையென்றால் வீட்டுமனைப் பட்டா கேட்டு வட்டாட்சியரிடம் மனுக் கொடுங்கள். ஊட்டியில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்திலும் ஒரு நகலைக் கொடுத்து, ரசீது வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். திருப்பூருக்குப் போனாலும் மனு இங்கே உயிரோடு இருக்கட்டும்.

சாமான் ஏற்ற வண்டி பிடிக்கும்போது, அம்மி இருந்தால் குழவியோடு அதையும் ஏற்றிவிடுங்கள். இந்த முறை நடுவில் கடல் இல்லை.

மனு எழுத யாரும் இல்லையென்றால் இதழின் முகவரிக்கு ஒரு வரி போடுங்கள். உங்கள் பெயரும் வேலைக்குச் சேர்ந்த ஆண்டும் போதும். நான் எழுதி அனுப்புகிறேன்.