முளைத்த பயறு வெந்த பயறு ஆகாது
(வாசகர் கேள்வி – பதில்)

பாசிப்பயறை ராத்திரி ஊறவைத்து, காலையில் துணியில் மூட்டை கட்டித் தொங்கவிடுகிறேன். மறுநாள் பிரித்தால் பாதிதான் முளைத்திருக்கிறது. மீதி கொழகொழவென்று புளித்த வாடை அடிக்கிறது. எங்கே தவறு?
– வாசகி, சேலம்

பெரும்பாலும் மூட்டையில்தான். ஊறிய பயறு மூச்சு விடும், அப்போது சூடும் கிளப்பும். துணியை இறுக்கி முடிந்தால் நடுவில் காற்றும் போகாது, சூடும் வெளியேறாது. முளைப்பதற்கு முன்பே பாக்டீரியா பெருகிவிடும். தொட்டுப் பாருங்கள், கெட்ட மூட்டையின் நடுப்பகுதி வெதுவெதுப்பாக இருக்கும்.

100 கிராம் பயறில் தொடங்குங்கள். கல்லோடு சேர்த்து உடைந்த பயறையும் பொறுக்கிவிட வேண்டும். உடைந்தது முளைக்காது, அழுகி அக்கம்பக்கத்தையும் கெடுக்கும். மூன்று முறை அலசி, நான்கு பங்கு தண்ணீர் விட்டு 8 மணி நேரம் ஊறவையுங்கள். சித்திரை, வைகாசியில் 6 மணி நேரமே போதும். அதற்கு மேல் போனால் ஊறல் தண்ணீரே நுரைத்துவிடும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அலசி, வடிதட்டில் கால் மணி நேரம் விடுங்கள். சொட்டுவது நின்ற பிறகே மூட வேண்டும். பலர் அவசரப்படும் இடம் இதுதான். அடியில் தேங்கும் ஒரு ஸ்பூன் தண்ணீர் போதும், கொழகொழப்பு வந்துவிடும்.

வடிந்த பயறை அதே வடிதட்டில் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, பிழிந்த ஈரத்துணியால் மேலே மட்டும் மூடுங்கள். 10 மணி நேரம் கழித்து ஒருமுறை அலசி, மறுபடி வடியவிடுங்கள். 18 முதல் 24 மணி நேரத்தில் அரை அங்குல முளை வந்துவிடும். மார்கழிக் குளிரில் தாமதமானால், வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி ஹாட் பாக்ஸுக்குள் வைத்து, மூடியை இறுக்காமல் சற்றே திறந்து வையுங்கள்.

பாதி முளைக்காததற்கு வேறு காரணம். பயறு பழையதாக இருக்கலாம். 20 பயறைத் தனியாக ஊறவைத்துப் பாருங்கள். 15கூட முளைக்காவிட்டால் அந்தப் பையைச் சுண்டலுக்கு ஒதுக்கிவிடலாம். ஊறியும் பருக்காமல் கல் மாதிரி நிற்கும் சில பயறு எல்லாப் பையிலும் உண்டு. அவற்றின் தோல் தண்ணீரை உள்ளே விடாது. தட்டில் கொட்டி உருட்டினால் தனியே சத்தம் கேட்கும். பொறுக்கிவிடுங்கள், பல் தப்பிக்கும்.

முளைகட்டிய பயறு சீக்கிரம் செரிக்கும் என்கிறார்கள். எனக்கோ காலையில் ஒரு கிண்ணம் பச்சையாகச் சாப்பிட்டால் மத்தியானம் வரை வயிறு பொருமுகிறது. கொண்டைக்கடலை என்றால் கேட்கவே வேண்டாம்.
– வாசகர், தென்காசி

நீங்கள் கேள்விப்பட்டதும் சரி, உங்கள் வயிறு சொல்வதும் சரி. பயறுகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் இருக்கின்றன. அவற்றை உடைக்கும் நொதி நம் சிறுகுடலில் இல்லை. அப்படியே பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியா அவற்றைப் புளிக்கவைப்பதால்தான் வாயு. முளைக்கும் விதை இந்தச் சர்க்கரைகளைத் தன் உணவாகச் செலவழிப்பதால் அவை வெகுவாகக் குறைகின்றன. ஊறல் தண்ணீரிலும் கொஞ்சம் கரைந்துவிடும். அதனால்தான் அந்தத் தண்ணீரைக் குழம்பில் ஊற்றக் கூடாது.

ஆனால் முளை வந்ததால் மாவுச்சத்து வெந்துவிடுவதில்லை. அரை அங்குல முளையில் பயறின் பெரும்பகுதி இன்னும் பச்சை மாவாகவே இருக்கிறது. அதில் ஒரு பங்கு செரிக்காமலே பெருங்குடலுக்கு இறங்கி, சர்க்கரை செய்த வேலையை இது செய்யும். புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்களும் முளைப்பதால் குறையுமே தவிர, பெரும்பகுதி அழிவது வேகும்போதுதான். ஆக, ‘பச்சையாகச் சாப்பிட்டால்தான் சத்து’ என்ற பேச்சைப் பொருமும் வயிறுள்ளவர்கள் தள்ளிவைக்கலாம். ஆவியில் வைட்டமின் சி கொஞ்சம் போகும், உண்மைதான். இறக்கியபின் அரை எலுமிச்சம்பழம் பிழியுங்கள். அந்த இழப்பும் ஈடாகும், பயறில் உள்ள இரும்புச்சத்தும் நன்றாக உடலில் சேரும்.

பாசிப்பயறுக்கு இட்லிப் பானையில் 6 நிமிட ஆவி போதும். தட்டைப்பயறுக்குக் குக்கரில் இரண்டு விசில், கொண்டைக்கடலைக்கும் காணத்துக்கும் (கொள்ளு) நான்கு. முளைக்கும் நேரமும் வேறு வேறு: காணமும் கொண்டைக்கடலையும் 12 மணி நேரம் ஊறி, அதன்பின் ஒன்றரை நாளாவது எடுக்கும். தாளிப்பில் பெருங்காயம், சீரகம், தட்டிய இஞ்சி என்று நம் சுண்டல் கைப்பக்குவம் அப்படியே இருக்கட்டும்.

அளவுதான் அடுத்தது. முதல் வாரம் பாசிப்பயறு மட்டும், நாளுக்கு இரண்டு மேசைக்கரண்டி. ஒத்துக்கொண்டால் வாரத்துக்கு ஒரு கரண்டி கூட்டுங்கள். கொண்டைக்கடலை கடைசியில். இரவுச் சாப்பாட்டில் வேண்டாம். இப்படிச் செய்தும் வலி, வயிற்றுப்போக்கு தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள், பயறை மாற்றி மாற்றிச் சோதிக்காதீர்கள்.

பாசிப்பருப்பு, வெள்ளை உளுந்து முளைக்குமா?
– வாசகி, காரைக்குடி

முளைக்காது. உடைத்துத் தீட்டும்போதே கரு சிதைந்துவிடுகிறது. தோலோடு உள்ள முழுக் கறுப்பு உளுந்தும், தோல் நீக்காத முழு மைசூர்ப் பருப்பும் நன்றாக முளைக்கும்.

கேழ்வரகு முளைகட்டினால் இரண்டாம் நாள் வெள்ளைப் பஞ்சு மாதிரி படர்கிறது. பூஞ்சையா? அந்த மாவில் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சினால் நீர்த்தும் போகிறது.
– வாசகி, தருமபுரி

அலசிப் பாருங்கள். வேரைச் சுற்றி மட்டும், எல்லா விதையிலும் ஒரே மாதிரி இருந்து, தண்ணீர் பட்டதும் படிந்துவிட்டால் அது வேர்த்தூவி. விதைக்கு விதை நூல் இழுத்தாற்போல ஒட்டடையாக, திட்டுத் திட்டாக, சாம்பலோ கறுப்போ கலந்து, மக்கல் வாடை வந்தால் பூஞ்சை. அப்போது மேலாக எடுத்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம் என்று பார்க்காதீர்கள், முழுவதையும் கொட்டிவிடுங்கள். கேழ்வரகுக்கு 8 மணி நேர ஊறலும், 24 முதல் 36 மணி நேர முளையும் போதும். வெள்ளை நுனி தெரிந்ததும் நிழலில் உலர்த்திவிடலாம்.

கஞ்சி நீர்த்துப்போவது குறையல்ல. முளைக்கும்போது உண்டாகும் அமிலேஸ் நொதி மாவைக் கரைப்பதால் அப்படி ஆகிறது. அதே பதத்துக்கு அதிக மாவு சேர்க்கலாம் என்பதால், சின்ன வயிற்றுக்கு ஒரு கிண்ணத்தில் கூடுதல் சத்து போகும். கெட்டியாகத்தான் வேண்டும் என்றால் முளைத்த தானியத்தை நன்றாக வறுத்து அரையுங்கள். சூட்டில் நொதி செயலிழந்துவிடும்.

ராஜ்மா, சோளம் இரண்டையும் முளைகட்டி சாலட்டில் போடலாமா?
– வாசகர், கோவை

இரண்டும் வேண்டாம். ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் முளைத்த பிறகும் இருக்கும். சில விதைகள் போதும், கடும் வாந்தி வரும். ஊறிய தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதித்தாக வேண்டும். கொதி வராத இளஞ்சூட்டில் நேரம் கழிப்பது பச்சையாகத் தின்பதைவிட மோசம். சோளம் (மக்காச்சோளம் அல்ல, ஜோவார்) முளைக்கும்போது அதன் முளையில் சயனைடு தரும் பொருள் உண்டாகிறது. சத்துமாவுக்கு முளைகட்டுவதானால் உலர்த்தி, தேய்த்து, முளையையும் வேரையும் புடைத்து நீக்கிய பிறகே வறுக்க வேண்டும். விதைக்கடையில் வாங்கிய, நிறம் பூசிய விதை எதுவானாலும் சமையலறைக்குள் வரவே கூடாது. அது பூச்சிமருந்துப் பூச்சு.

தாவ்கேயை (நீளமாக வளர்த்த பாசிப்பயறு முளை) வீட்டில் வளர்த்தால் மெலிந்து நூல் மாதிரி வருகிறது. சந்தையில் மட்டும் எப்படிப் பருமனாக இருக்கிறது?
– வாசகி, ஈப்போ

பாரம் வைக்காததால். 50 கிராம் பயறை ஊறவைத்து, அடியில் துளையுள்ள இரண்டு லிட்டர் பாத்திரத்தில் போட்டு, முளை தெரிந்ததும் துணி விரித்து, தட்டின்மேல் அரைக் கிலோ பாரம் வையுங்கள். அழுத்தம் பட்ட முளை எத்திலின் வாயுவைச் சுரக்கும். அது தண்டைக் குட்டையாக்கித் தடிக்கவைக்கும். வெளிச்சம் துளியும் படக்கூடாது, பட்டால் பச்சையாகிக் கசக்கும். நாளுக்கு நான்கைந்து முறை பாத்திரம் நிறையத் தண்ணீர் விட்டு முழுக்க வடியுங்கள். நடுவில் சேரும் சூடு அப்போதுதான் இறங்கும். நான்காம், ஐந்தாம் நாள் எடுத்துவிடலாம்.

கர்ப்பமாக இருக்கிறேன். நன்றாகக் கழுவினால் பச்சை முளைப்பயறு சாப்பிடலாமா?
– வாசகி, மதுரை

வேண்டாம். விதைத்தோலின் விரிசலுக்குள் இருக்கும் கிருமியைக் கழுவி எடுக்க முடியாது. முளைக்கத் தேவையான ஈரமும் சூடும் அதற்கும் உகந்தவை. 2011-இல் ஜெர்மனியில் ஈ.கோலை கிருமி பரவி 50-க்கும் மேற்பட்டோர் இறந்ததற்குக் காரணமாகக் கண்டறியப்பட்டது முளைவிட்ட வெந்தயம். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் எல்லோருக்கும் ஆவி பறக்க வேகவைத்ததுதான். முளைத்ததை ஈரம் உலர்த்தி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். அதையும் வேகவைத்தே எடுங்கள்.