அயாவாஸ்காவும் மனப்பதற்றமும்: முகாமுக்குப் போகும் முன் கேட்ட கேள்விகள்

பதினைந்து வருடமாக மனப்பதற்றத்தோடு வாழ்கிறேன். பெரு நாட்டில் புகால்பா நகரத்தின் பக்கம், அயாவாஸ்கா என்ற கஷாயத்தைச் சடங்காகக் குடிக்கும் இரண்டு முகாம்களில் இருந்திருக்கிறேன். ஒன்று நல்லது, இன்னொன்று மோசம். பிறகு மூன்று வருடம் ஒரு முகாமுக்கு விண்ணப்பிப்பவர்களின் உடல்நலப் படிவங்களைப் படித்துப் பேசும் வேலை பார்த்தேன். வாசகர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் கீழே. நான் மருத்துவர் இல்லை, அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

அக்கா, நான் பதற்றத்துக்கு எஸ்சிடாலோபிராம் மாத்திரை சாப்பிடுறேன். பத்து நாள் முன்னாடி நிறுத்தினா போதும்னு முகாம்ல சொல்றாங்க. சரியா?

சரியில்லை. உங்கள் மருத்துவரைக் கேட்காமலே நாள் குறித்துக் கொடுக்கிற முகாமுக்குப் போகாதீர்கள்.

அயாவாஸ்கா என்பது ஒரு கொடியையும் சக்ருனா என்ற செடியின் இலையையும் சேர்த்து மணிக்கணக்கில் காய்ச்சும் கஷாயம். இலையில் இருக்கும், மனதில் காட்சிகளை எழுப்பும் டிஎம்டி என்ற பொருளை மட்டும் குடித்தால் உடம்பே அதைச் சிதைத்துவிடும். கொடியில் உள்ள ஹார்மின், ஹார்மலின் இரண்டும் அப்படிச் சிதைக்கும் நொதியைத் தடுக்கின்றன. மனநிலையோடு தொடர்புள்ள செரோடோனின் என்ற மூளை வேதிப்பொருளைச் சிதைப்பதும் அதே நொதிதான். ஏற்கெனவே செரோடோனினைக் கூட்டும் மாத்திரை உடம்பில் இருந்தால் அளவு எக்கச்சக்கமாக ஏறலாம்: நடுக்கம், தசை விறைப்பு, கடும் காய்ச்சல், குழப்பம். உயிரே போகலாம். எஸ்சிடாலோபிராம் மட்டுமல்ல, செர்ட்ரலின், பராக்ஸெட்டின், வென்லாஃபாக்ஸின், பஸ்பிரோன், வலிக்குக் கொடுக்கும் டிரமடால், இருமல் மருந்தில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன், மூலிகைதானே என்று நினைக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் எல்லாமே இந்தப் பட்டியலில் வரும். ஃபுளூவாக்ஸெட்டின் உடம்பை விட்டு நீங்கவே ஐந்து வாரம் ஆகலாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், தூக்கமின்மை, பழையதைவிட மோசமான பதற்றம் எல்லாம் வரலாம். அந்த நிலையில் முன்பின் தெரியாத காட்டில் போய் உட்காரவா போகிறீர்கள்? நிறுத்தவே கூடாது என்று மருத்துவர் சொன்னால் பயணத்தைக் கைவிடுங்கள். அதில் எந்தத் தோல்வியும் இல்லை.

தினமும் எதுவும் இல்லை, பதற்றம் வந்தா மட்டும் குளோனாசெபாம். அதுவும் ஆபத்தா?

முன்னே சொன்ன செரோடோனின் சிக்கல் இதில் இல்லை. ஆனால் நெடுநாள் தினமும் எடுத்துவருபவர் திடீரென்று விட்டால் வலிப்பே வரலாம். நீங்கள் எப்போதாவது எடுப்பதையும் படிவத்தில் எழுதுங்கள். பயந்து மறைக்காதீர்கள்.

நல்ல முகாமை எப்படிக் கண்டுபிடிக்கிறது? எல்லா இணையதளமும் ஒரே மாதிரி அழகா இருக்கே.

படங்களைப் பார்க்காதீர்கள். முன்பணம் வாங்குவதற்கு முன் அவர்கள் உங்களை என்னென்ன கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். நான் போன மோசமான முகாம் என்னிடம் கேட்டது இரண்டே விஷயம்: பெயர், விமானம் வந்து சேரும் நேரம். நல்ல முகாமில் ஒரு பெண்மணி நாற்பது நிமிடம் காணொளி அழைப்பில் பேசினார். கடைசியாக பேனிக் அட்டாக் எப்போது வந்தது, அப்போது கை கால் எப்படி இருந்தது, குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு உண்டா, ரத்த அழுத்தம் எவ்வளவு, தற்கொலை எண்ணம் வந்ததுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். "எங்களிடம் வர வேண்டாம் என்று நாங்கள் சொல்ல வேண்டியிருக்கலாம்" என்றும் முதலிலேயே சொல்லிவிட்டார். அந்த வார்த்தையில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

நீங்களும் கேளுங்கள். ஓர் இரவுச் சடங்கில் எத்தனை பேர் குடிப்பார்கள்? குடிக்காமல் விழித்திருந்து பார்த்துக்கொள்பவர்கள் எத்தனை பேர்? சடங்கை நடத்தும் மரபு வைத்தியரான குராந்தேரோ யாரிடம், எத்தனை வருடம் கற்றவர்? கஷாயத்தில் தோயே சேர்ப்பார்களா? தோயே என்பது ஊமத்தைக்கு உறவான செடி. இதயத்தைப் படபடக்க வைக்கும், நினைவைக் குழப்பும். அதைச் சேர்க்கிற இடம் வேண்டாம். "போனஸாக" காம்போ என்ற தவளைச் சுரப்பைக் கொடுத்தாலும் மறுத்துவிடுங்கள்.

மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை மறக்காமல் கேளுங்கள். பெருவின் இக்கிட்டோஸ் நகரத்தை நாட்டின் மற்ற சாலைகளோடு இணைக்கும் சாலையே கிடையாது. விமானம் அல்லது படகுதான். முகாம் அதையும் தாண்டி ஆற்றின் மேல்பக்கம் இருந்தால், நடு ராத்திரியில் படகு தயாராக நிற்குமா, ஓட்டுபவர் அங்கேயே தங்குவாரா?

குடிச்ச பிறகு பேனிக் வந்தா என்ன ஆகும்?

வரலாம். எனக்கு இரண்டாவது இரவில் வந்தது. குடித்து முக்கால் மணி நேரம் இருக்கும். மலோக்கா என்ற அந்தப் பெரிய வட்டக் குடிலில் ஒரு விளக்கும் இல்லை. மப்பாச்சோ புகையிலையின் வாசம், பக்கத்துப் பாயில் யாரோ பிளாஸ்டிக் வாளியில் வாந்தி எடுக்கும் சத்தம். என் இதயம் காதுக்குள் அடித்தது. செத்துப் போகிறேன் என்றே நம்பினேன். கையைத் தூக்கினேன். உதவியாளர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். விளக்கம் எதுவும் சொல்லவில்லை, மூச்சை மெதுவாக வெளியே விடச் சொல்லி என்னோடு சேர்ந்து விட்டார். குராந்தேரோ எதிரில் வந்து ஈக்காரோ என்ற சடங்குப் பாடலைப் பாடினார். இருபது நிமிடத்தில் அலை இறங்கியது. முழு வேகமும் தணிய நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். குடித்ததைத் திரும்ப எடுக்க முடியாது, ஆகவே முதல் இரவில் அரைக் கோப்பைக்கும் குறைவாகக் கேளுங்கள். தரத் தயங்கினால் அந்த இரவு குடிக்காதீர்கள்.

பெண் தனியா போகலாமா?

துணையோடு போவது நல்லது. சுத்திகரிப்பு, சிகிச்சை என்ற பெயரில் பாலியல் அத்துமீறல்கள் நடந்திருக்கின்றன. இதற்காகவே சக்ருனா இன்ஸ்டிடியூட் என்ற அமைப்பு ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது, படியுங்கள். இரவில் பெண் உதவியாளர் இருக்கிறாரா என்று கேளுங்கள். தனியறைச் சிகிச்சைக்குப் போகாதீர்கள். எந்தச் சிகிச்சைக்கும் உடை களையத் தேவையில்லை.

தம்பிக்கு பைபோலார். எனக்கு இல்லை. நான் குடிக்கலாமா?

வேண்டாம். நல்ல முகாம் குடும்பத்தாரின் மனநோயைக் கேட்பது இதனால்தான். இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன்.

பதற்றம் குணமாகும்னு ஆராய்ச்சி இருக்காமே?

பிரேசிலின் நட்டால் நகரில் நடந்து 2018இல் வெளியான ஆய்வைத்தான் பலரும் காட்டுகிறார்கள். 29 பேர், மருந்துகளுக்கு இறங்காத மனச்சோர்வு உள்ளவர்கள். அவர்களில் 14 பேர் ஒரே ஒரு முறை அயாவாஸ்கா குடித்தார்கள், ஒரு வாரத்தில் போலி மருந்து குடித்தவர்களைவிட நல்ல பலன் தெரிந்தது. ஆனால் அது மனச்சோர்வுக்கானது, மருத்துவக் கண்காணிப்பில் நடந்தது. அதை வைத்துப் பதற்றம் தீரும் என்று வாக்குறுதி கொடுப்பவர் உங்களுக்குப் பொருள் விற்கிறார். எனக்குப் பதற்றம் போகவில்லை. அது வரும்போது ஓடாமல் உட்காரக் கொஞ்சம் பழகினேன், அவ்வளவுதான்.

கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டு வரலாமா?

கூடாது. பெரு 2008இல் இதன் மரபுப் பயன்பாட்டைத் தேசியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. பிரேசில் மதச் சடங்குக்கு அனுமதிக்கிறது. ஆனால் டிஎம்டி 1971ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையில் மிகக் கடுமையான கட்டுப்பாடு உள்ள முதல் அட்டவணையில் இருக்கிறது. விமான நிலையத்தில் பிடிபட்டால் சிறைக்கே போக நேரலாம்.

அக்கா, முன்பணம் கட்டிட்டேன். அடுத்த மாசம் பயணம். செர்ட்ரலின் இன்னும் சாப்பிட்டுட்டு இருக்கேன். இதைப் படிச்சதும் கை நடுங்குது.

முதலில் இன்றைய மாத்திரையை வழக்கம்போல் போடுங்கள். பிறகு முகாமுக்கு ஒரு வரி எழுதுங்கள்: "செர்ட்ரலின் சாப்பிடுகிறேன், மருத்துவரோடு பேசும் வரை தேதியைத் தள்ளிவைக்க வேண்டும்." அவர்கள் என்ன பதில் அனுப்புகிறார்கள் என்று இங்கே வந்து சொல்லுங்கள், சேர்ந்தே படிப்போம்.